பாக்கியத்தின் கிணற்றில் கிடைத்த நிலக்கரி

மூன்றாவது தீக்குச்சிதான் பற்றியது. கடற்காற்று அந்த ஊர் வரைக்கும் வரும். உள்ளங்கையைக் குவித்துக் காற்றை மறைத்துக்கொண்டு, கறுத்த துண்டின் ஓரத்தில் நெருப்பைக் காட்டினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரம் சிவந்தது. மெலிதாகப் புகைந்தது. அப்புறம் நகக்கண் அளவில் ஒரு சுடர் எழுந்தது.

“எரியுதுண்ணே!” என்று கத்தினேன்.

எங்கள் நிலவியல் அலுவலக ஜீப்பை ஓட்டும் சேசுராஜ் அண்ணன் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவில்லை.

“எரியட்டும் மேடம். தீப்பெட்டி என்னோடது. குச்சியெல்லாத்தையும் தீத்துப்புடாதீங்க.”

அறந்தாங்கிக்குக் கிழக்கே ஒரு வயல்காடு. சித்திரை வெயில். தூர் வாரிக் கொட்டிய கிணற்றுச் சேறு இரண்டு நாளில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அந்தக் குவியலிலிருந்துதான் கறுப்புத் துண்டுகள் மூன்றைப் பொறுக்கியிருந்தேன். ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். மரத்தின் ரேகை அப்படியே தெரிந்தது. ஆனால் நிறம் கறுப்பு. வாளித் தண்ணீரில் போட்டால் கல்லைப் போல மூழ்கியது. மரமென்றால் மிதக்க வேண்டுமே!

பழுப்பு நிலக்கரி என்பது வேறொன்றுமில்லை. எந்தக் காலத்திலோ மண்ணுக்குள் புதைந்த காடு. நன்றாக முற்றாத கரி. உடைத்துப் பார்த்தால் சில துண்டுகளில் மரத்தின் வரிகள்கூடத் தெரியும் என்று கல்லூரியில் படித்திருந்தேன். அதைத் தேடித்தான் இரண்டு மாதமாக அந்தப் பக்கத்து வயல்களில் அலைந்துகொண்டிருந்தேன். இப்போது என் கையில் எரிந்துகொண்டிருந்தது.

கிணற்றுக்குச் சொந்தக்காரர் பாக்கியம் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன ஆபீசரம்மா அது?”

“பழுப்பு நிலக்கரிங்க. கிட்டத்தட்ட உறுதி.”

“எங்க கெணத்துலயா?”

“ஒங்க கெணத்துலதான்” என்றேன், ஏதோ பரிசு விழுந்த செய்தியைச் சொல்வதுபோல.

அந்த அக்காவின் முகம் மலரவில்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை. மூன்று துண்டுகளையும் மாதிரிப் பைகளில் போட்டு, வாயைக் கட்டி, பதினேழு என்று எண் எழுதிக்கொண்டிருந்தேன்.

மேற்கே பாறை, கிழக்கே மண்

போன வாரம் இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “நிலத்தைப் பார்த்து மேப் போடுவது என்றால் என்ன? ரோடும் ஊரும்தான் மேப்பில் இருக்கிறதே?”

எங்கள் மேப்பில் ரோடு முக்கியமில்லை. மேல் மண்ணைச் சுருட்டி எடுத்துவிட்டால் அடியில் என்ன இருக்கும் என்பதைத்தான் நாங்கள் நிறம் தீட்டுகிறோம். புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இரண்டு நிறமே பாதி வேலையை முடித்துவிடும். விராலிமலை, பொன்னமராவதிப் பக்கமெல்லாம் பாறை. கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். அங்கே நிலக்கரி தேடுகிறவருக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம். கிழக்கே போகப் போகப் பாறை ஆழத்தில் இறங்கிவிடும். மேலே களியும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். நிலக்கரி இருந்தால் அந்த அடுக்குகளுக்கு நடுவேதான் இருக்க வேண்டும்.

அடுக்கை எப்படிப் பார்ப்பது? எல்லா இடத்திலும் துளை போட முடியாது. அதனால் நாங்கள் கிணறுகளைப் பார்ப்போம். கோடையில் எந்த ஊரில் கிணறு தூர் வாருகிறார்கள், எங்கே புதிதாகப் போர்வெல் போடுகிறார்கள் என்று டீக்கடைகளில் விசாரித்துவைப்பது சேசுராஜ் அண்ணனின் பொறுப்பு. தகவல் வந்ததும் ஓடுவோம். வெளியே வந்த மண்ணைத் தொட்டு, முகர்ந்து, சில சமயம் நாக்கில் வைத்துக்கூடப் பார்ப்பேன். முதல் தடவை அதைப் பார்த்த அண்ணன், “வீட்டுல சோறு போடலையா மேடம்?” என்று கேட்டார்.

என் சொந்த ஊர் வல்லத்திராக்கோட்டைப் பக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். அப்பா இன்றைக்கும் பெருவிரலை மையில் அமுக்குகிறவர். எனக்கு வேலை கிடைத்ததும் ஊரில் எல்லாரிடமும், “எம்மக பூமிக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லிரும்” என்று சொல்லிவைத்துவிட்டார். அதைக் கேட்டுக் கேட்டு நானும் கொஞ்சம் நம்பிவிட்டேன். பெருமையை மறைத்துப் பேசுவது எனக்கு அவ்வளவாக வராது. இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு அது இந்நேரம் தெரிந்திருக்கும்.

கேள்விக்குறி போட்டவர்

எங்கள் அலுவலகத்து இரும்பு பீரோவில் ஒரு பழைய மேப் இருக்கிறது. துணியில் ஒட்டி நான்காக மடித்தது. விரித்தால் நாப்தலின் உருண்டையும் பழைய பசையும் கலந்த வாசனை வரும். சமஸ்தான காலத்தில் யாரோ ஒரு சர்வேயர் போட்டது. மூலையில் இருக்கும் கையெழுத்தைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் அவர் யார், எந்த ஊர்க்காரர் என்று தெரியாது.

ஜீப் இல்லாத காலம். மாட்டுவண்டியிலும் நடந்தும்தான் போயிருக்க வேண்டும். மேற்கே ரோஸ் நிறம், கிழக்கே மஞ்சள். எல்லாம் கையால் தீட்டியது. சில இடங்களில் தூரிகையின் மயிர் ஒன்று வண்ணத்தோடு ஒட்டிக் காய்ந்திருக்கிறது. மதிய வெயிலில் எந்த மரத்தடியில் உட்கார்ந்து இதைத் தீட்டினார், தாகத்துக்கு யார் வீட்டில் தண்ணீர் கேட்டார் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே நான் பல மதியங்களைக் கழித்திருக்கிறேன்.

அந்த மஞ்சள் நிறத்தின் நடுவே பென்சிலால் ஒரு சிறு வட்டம் உண்டு. பக்கத்தில் ‘கோயில் கிணறு, கரி’ என்று எழுதி, அதற்குப் பிறகு ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான். இத்தனை காலமும் அதற்கு யாரும் பதில் எழுதவில்லை.

பாக்கியம் அக்காவின் கிணறு அந்த வட்டத்துக்கு மேற்கே அடுத்த ஊரில் இருக்கிறது. இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால் ஒரு நிலக்கரிப் படுகை உருவாகிவிடும். அன்று சாயங்காலம் ஜீப்பில் திரும்பும்போதே மனதுக்குள் கோட்டைப் போட்டுவிட்டேன். மறுநாள் என் மேப்பில் கறுப்பு மையால் ஒரு முழுப் புள்ளி வைத்தேன்.

எங்கள் மூத்த அதிகாரி மேப்பைப் பார்த்தார். எதற்கும் சீக்கிரம் அசராத மனிதர். நாங்கள் எல்லாரும் அவரை சார் என்றுதான் சொல்வோம்.

“நாப்பது அடிக் கெணத்துலயா? ஆழம் ரொம்பக் கம்மியா இருக்கேம்மா.”

“மரத்தோட ரேகைகூட இருக்கு சார். எரியுது சார். தண்ணியில முங்குது சார்.”

“சரி. துளை போடுற வண்டி எப்படியும் அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகுது. ஒங்க கெணத்துப் பக்கத்துலயும் ஒண்ணு போட்டுப் பாத்துருவோம்.”

உங்கள் கிணறு என்று அவர் சொன்னது எனக்கு அத்தனை இனிப்பாக இருந்தது. அன்றைக்கு மதியம் சேசுராஜ் அண்ணனுக்குப் புதிதாக ஒரு தீப்பெட்டியும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

நின்றுபோன கட்டடம்

நான்கு நாள் கழித்துப் பாக்கியம் அக்காவிடமிருந்து போன் வந்தது. “ஒருக்கா வந்துட்டுப் போறீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

போனோம். கிணற்றை எதற்காகத் தூர் வாரினார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முதல் தடவை நான் கேட்கவே இல்லை. வீடு கட்டுவதற்குத் தண்ணீர் வேண்டுமென்று வாரியிருக்கிறார்கள். கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் அஸ்திவாரக் குழி தோண்டியிருந்தது. கருங்கல் இரண்டு லோடு இறங்கிக் கிடந்தது. சுண்ணாம்புப் பொடியால் போட்ட கோடுகளைக் காற்று பாதி அழித்திருந்தது. ஆள் ஒருவரும் இல்லை. குழிக்குள் ஒரு கோழி மட்டும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

“கொத்தனார் எங்கங்க?”

“நிப்பாட்டச் சொல்லிட்டாக.”

“யாரு?”

“வேற யாரு? சவூதியிலேருந்துதான்.”

கணவரைத்தான் சொன்னார். பத்து வருடமாக அங்கே வேலை பார்க்கிறவர். நான் ‘கிட்டத்தட்ட உறுதி’ என்று சொன்ன செய்தி அன்று இருட்டுவதற்குள் டீக்கடைக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து போன் வழியாகக் கடல் தாண்டியும் போய்விட்டது. நிலக்கரி இருக்கிற நிலத்தை எடுத்துக்கொள்வார்கள், இந்த நேரத்தில் வீடு கட்டி என்ன பயன் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பாக்கியம் அக்கா திட்டவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு என்னைப் பழைய வீட்டின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஓட்டு வீடு. வடக்குச் சுவர் வெடித்து வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இரண்டு பனங்கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

“போன மழைக்கு இப்படி ஆச்சு. அடுத்த மழைக்குத் தாங்காது. ரெண்டு பொம்பளப் புள்ளைகளும் இந்தச் சொவரு ஓரமாத்தான் படுக்குதுக. தீவாளிக்கு அவுக லீவுல வாராக. அதுக்குள்ள தளம் போட்டு உள்ள போயிரணும்னு நெனச்சேன்.” பிறகு கேட்டார்: “நீங்க படிச்சவுக. நீங்களே சொல்லுங்க. கட்டவா, வேணாமா?”

“துளை போட்டுப் பாத்துட்டுச் சொல்லுவாங்கக்கா” என்றேன்.

“எப்பச் சொல்லுவாக?”

எடுத்த மண்ணைச் சோதனைக்கு அனுப்பி, அறிக்கை வந்து, அதை மேலே அனுப்பி… “கொஞ்ச நாளாகும்” என்றேன். மழைக்காலம் முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் சேசுராஜ் அண்ணன் வழக்கமாக ஆவுடையார்கோயில் விலக்கில் டீ குடிக்க நிறுத்துவார். அன்றைக்கு நிறுத்தவில்லை.

ஜன்னலோரம் காய்ந்தது

மாதிரி எண் பதினேழில் இரண்டு துண்டுகள் பையில் இருந்தன. மூன்றாவதை மட்டும் என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்திருந்தேன். வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான். வேறு காரணம் இல்லை.

மறுநாள் காலையில் அதை எடுத்தேன். ஒரு வார வெயிலில் நன்றாகக் காய்ந்து, எடை பாதியாகக் குறைந்திருந்தது. ஒரு முனையில் தொப்பிபோல ஒட்டியிருந்த களிமண் கையோடு கழன்று விழுந்தது.

அடியில் முனை தட்டையாக இருந்தது. உடைந்ததால் வந்த தட்டை இல்லை. விரலால் தடவினேன். குறுக்காக, சன்னமாக, சீராக வரிகள் ஓடின.

ரம்பத்தால் அறுத்த முனை.

மண்ணுக்குள் காடு புதைந்த காலத்தில் ரம்பம் ஏது? மனுஷன்தான் ஏது?

அதே நிமிடம் எங்கள் வீட்டுக் கிணறு கண்முன் வந்தது. நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம். தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது என்று அப்பா ஒரு நெல்லி மரத்தை அறுத்துக் கொண்டுவந்தார். நெல்லிக்கட்டையைக் கிணற்றடியில் போட்டுவைத்தால் உப்பும் கலங்கலும் குறைந்து தண்ணீர் இனிக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பத்துப் பதினைந்து வீட்டுக்கு ஒரு கிணற்றிலாவது போட்டிருப்பார்கள். வருடக்கணக்கில் கிடந்தாலும் உளுத்துப்போகாது. கறுத்துப்போகும். ஊறி ஊறிக் கனத்துப்போகும். அப்பா கயிறு கட்டிக் கட்டையை இறக்கியபோது ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதே நான்தான்.

நிலக்கரியைப் படமாக மட்டும் பார்த்தவள், நெல்லிக்கட்டையைக் கையால் தொட்டவள். தொட்டதை மறந்துவிட்டுப் படத்தை நம்பியிருக்கிறேன்.

மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கெட்ட யோசனையும் செய்தேன். எழுத வந்த பிறகு அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது? வேறு யாரும் இந்த முனையைப் பார்க்கவில்லை. நாளன்றைக்குத் துளை போடும் வண்டி போகும். துளை போடுவார்கள். ஒன்றும் கிடைக்காது. எல்லாத் துளையிலும் கிடைப்பதில்லையே! என்னை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். எந்தச் சேதமும் இல்லாமல் என் பெயர் தப்பிவிடும். முதல் மேப், முதல் புள்ளி, எங்கள் வீட்டின் முதல் படிப்பு, அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்த பேச்சு, எல்லாம் தப்பிவிடும்.

அறிக்கை வரும்வரை அந்தக் குழிக்குள் கோழி கிளறிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் சாய்ந்த சுவரோரம் படுத்திருப்பார்கள்.

துண்டை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன்.

யாரு அறுத்தது?

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அறுத்த முனையைப் பார்த்தார். லென்ஸை எடுத்து மறுபடியும் பார்த்தார்.

“ஏம்மா, இந்த நிலக்கரியை யாரு அறுத்தது?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நெல்லிக்கட்டை விஷயத்தைச் சொன்னேன். வீடு நின்றுபோனதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வண்டிக்காரரைப் போனில் கூப்பிட்டு, அந்த ஒரு இடம் வேண்டாம், மற்ற இடங்களைப் பாருங்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மேப்பைத் திருத்துறது சுலபம். பிளேடு எங்கிட்டயே இருக்கு. அந்தம்மாகிட்டச் சொன்னது நீங்க. நீங்களே போய்த் திருப்பிச் சொல்லிட்டு வாங்க.”

என் மேப்பிலிருந்த புள்ளியைச் சுரண்டி எடுத்துவிட்டு, சரிபார்க்க அந்தப் பழைய மேப்பைப் பக்கத்தில் விரித்துக்கொண்டேன். பென்சில் வட்டத்தில் கண் நின்றது. கோயில் கிணறு. கரி. கேள்விக்குறி.

அந்தச் சர்வேயரும் ஒரு கிணற்றடியில் நின்று, கறுத்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். எரித்துக்கூடப் பார்த்திருப்பார். எரிந்திருக்கும். இருந்தாலும் அவர் கேள்விக்குறியோடு நிறுத்திக்கொண்டார். நான் முழுப் புள்ளி வைத்ததோடு ஊருக்கும் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பிப் போன மாதிரி

மூன்று துண்டுகளையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் கிளம்பினோம். வழியில் விஷயத்தைச் சொன்னதும் சேசுராஜ் அண்ணன் ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

“நெல்லிக்கட்டைக்கா மேடம் என் தீப்பெட்டியைத் தீத்தீங்க?”

பாக்கியம் அக்காவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அவர் அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தவர். கிணற்றுக்குள் என்ன கிடந்தது என்று அவருக்குத் தெரியாது. நானோ எல்லாத் துண்டையும் அன்றைக்கே அள்ளிக்கொண்டு போய்விட்டேன். அங்கே அவர்கள் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. உடனே கணவருக்கு வீடியோ கால் போட்டார். நான் கட்டையைத் திரைக்கு முன்னால் பிடித்தேன்.

அந்தப் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஒரு மனிதர் உற்றுப் பார்த்தார். “கொஞ்சம் இங்கிட்டுத் திருப்புங்க… அட! இது எங்கப்பா போட்ட நெல்லிக்கட்டைல்ல! நாந்தானே அன்னைக்கி ரம்பத்தோட மறு பக்கத்தைப் பிடிச்சேன்!”

“பாத்தீங்களா? கேட்டிருந்தா அவுகளே சொல்லிருப்பாக” என்றார் அக்கா.

“இதைத்தான் நிலக்கரின்னு சொன்னீகளாம்மா?” என்று திரையிலிருந்து கேட்டார் அவர் கணவர்.

“தப்பாச் சொல்லிட்டேங்க. ஒங்க வீட்டு வேலை நின்னுபோச்சு. மன்னிச்சுக்கங்க.”

“மேப்புல அழிச்சுட்டீகளா?” என்று கேட்டார் அந்த மனிதர்.

“அழிச்சாச்சுங்க. துளையும் போடமாட்டாங்க.”

“அப்பச் சரி. ஏய் பாக்கியம், கொத்தனாரை நாளைக்கே வரச் சொல்லு. அம்மா, நீங்க எங்கப்பா கட்டையைத் திரும்பக் கெணத்துலயே போட்ருங்க. தண்ணி உப்பாயிரும்.” திரைக்கு வெளியே யாரோ கூப்பிட, எழுந்துகொண்டே சொன்னார்: “அடுத்த ஊருக் கோயில் கெணத்துலயும் கெடக்கும். அதையும் தூக்கிட்டுப் போயிறாதீக.”

போன் அணைந்தது. சேசுராஜ் அண்ணன் வேப்பமரத்தின் பின்னால் போய்த் தோள் குலுங்க நின்றார்.

“இனிமே எங்கூர்ல எதைக் கண்டெடுத்தாலும் மொதல்ல என்கிட்டக் காட்டிட்டு எழுதுங்க ஆபீசரம்மா” என்றார் பாக்கியம் அக்கா. அப்போதுதான் அவர் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

என் மேப் அச்சுக்குப் போய்விட்டது. அதில் பாக்கியம் அக்காவின் கிணறு வெறும் கிணறாக ஒரு நீல வட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கிழக்கே, பழைய சர்வேயர் போட்ட கேள்விக்குறியை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். கோயில் கிணற்றைத் தூர் வாரும்போது பார்த்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு முன்னால் தளம் போட்டார்கள். பால் காய்ச்சிய அன்று எனக்கும் அழைப்பு வந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் இரண்டு சொம்பு குடித்தேன். உப்பே இல்லை.

வீடியோ காலில் பேசிய அன்றைக்கு, அந்தப் பகல் வெயிலில், கிணற்றின் சுவரில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாக உள்ளே விட்டேன். காய்ந்த துண்டு மட்டும் கொஞ்ச நேரம் மிதந்து அடம் பிடித்தது. மற்ற இரண்டும் நேராக அடிக்குப் போயின.

அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டைத் திறந்தேன். மாதிரி எண் பதினேழுக்கு நேரே ‘பழுப்பு நிலக்கரி’ என்று அழகான கையெழுத்தில் எழுதிவைத்திருந்தேன். அதை அடித்துவிட்டு ‘நெல்லிக்கட்டை’ என்று எழுதினேன். கடைசிக் கட்டத்தில், மாதிரி இப்போது எங்கே இருக்கிறது என்று குறிக்க வேண்டிய இடத்தில், ‘எடுத்த இடத்திலேயே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.